சிஎஃப்டி-யில் இன்லெட், அவுட்லெட் எல்லை நிபந்தனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஎஃப்டி (பாய்ம ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) பழகுகிறவர்கள் மெஷ், அதாவது ஓட்டப் பகுதியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை, போட நாள்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். பாய்மம் உள்ளே வரும் இன்லெட், வெளியேறும் அவுட்லெட் ஆகியவற்றுக்கான கட்டங்களை மட்டும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டு ரன் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வரும் சந்தேகங்களில் பாதிக்குமேல் அந்த ஐந்து நிமிடத்தில் பிறந்தவை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எண்கள் தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் ஒரே உதாரணம்தான்: 50 மி.மீ. உள்விட்டமுள்ள வழுவழுப்பான குழாய், அதில் சராசரி 2 மீ/வி வேகத்தில் ஓடும் தண்ணீர். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தில் வேகத்தின் கை ஓங்குகிறதா, பாகுநிலையின் கை ஓங்குகிறதா என்று காட்டும் எண்) 1,00,000.

1. எல்லை நிபந்தனை எதுக்கு? சமன்பாடு இருக்கு, மெஷ் இருக்கு, சால்வரே கணக்குப் போட்டுக்காதா?

போட முடியாது. சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) கையில் இருப்பது பாய்ம ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள். அவை எல்லாக் குழாய்க்கும் எல்லா விமானத்துக்கும் ஒன்றுதான். இந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்ற செய்தி அவற்றுக்குள் இல்லை. பம்பு, தொட்டி, நீண்ட குழாய்த்தொடர் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு நடுவில் ஒரு துண்டை மட்டும் கணினிக்குள் வைத்திருக்கிறீர்கள். வெட்டிய பகுதி இந்தத் துண்டை எப்படிப் பாதிக்கிறது என்று வெட்டுமுகத்தில் எழுதிவைப்பதுதான் எல்லை நிபந்தனை.

எனவே எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பும்போது மென்பொருளின் பட்டியலைப் பார்க்காதீர்கள். அந்த வெட்டுமுகத்தில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன என்று பாருங்கள். ஃப்ளோமீட்டர் அளவா, பிரஷர் கேஜ் அளவா, திறந்தவெளி என்பது மட்டுமா? விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

2. எல்லாரும் இன்லெட்ல வேகம், அவுட்லெட்ல அழுத்தம்னே கொடுக்கறாங்களே, ஏன்?

அடர்த்தி மாறாத ஓட்டத்துக்கு அதுதான் மிக நிதானமான ஜோடி. உள்ளே வரும் அளவு இன்லெட்டிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த அளவைத் தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைச் சால்வர் கண்டுபிடிக்கிறது. அவுட்லெட்டில் கொடுக்கும் அழுத்தம் ஒரு தொடக்கப்புள்ளி. மற்ற இடங்களின் அழுத்தம் அதிலிருந்து அளக்கப்படுகிறது.

ஓபன்ஃபோம் என்ற சிஎஃப்டி மென்பொருளில் இதையே நான்கு வரிகளாக எழுதுவீர்கள்: இன்லெட்டில் வேகத்துக்கு ஃபிக்ஸ்ட்வேல்யூ (நீங்கள் கொடுக்கும் மதிப்பு), அழுத்தத்துக்கு ஜீரோகிரேடியன்ட் (பக்கத்துச் செல்லின் மதிப்பே எல்லையிலும்), அவுட்லெட்டில் வேகத்துக்கு ஜீரோகிரேடியன்ட், அழுத்தத்துக்கு ஃபிக்ஸ்ட்வேல்யூ. ஒரு முகத்தில் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் இன்னொன்றை விட்டுவிட வேண்டும் என்பது இந்த நான்கு வரியிலேயே தெரிகிறது.

3. இன்லெட்ல எனக்கு வேகமும் தெரியும், அழுத்தமும் தெரியும். ரெண்டையும் கொடுத்தா இன்னும் துல்லியமா வராதா?

வராது. குறைவொலி வேக (ஒலியைவிட மெதுவான) ஓட்டத்தில் அழுத்தச் செய்தி கீழிருந்து மேல்நோக்கியும், அதாவது அவுட்லெட் பக்கமிருந்து இன்லெட்டை நோக்கியும், பயணிக்கிறது. இன்லெட்டின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதற்குப் பின்னால் இருக்கும் குழாய், வளைவு, வால்வு எல்லாம் சேர்ந்து தரும் எதிர்ப்பு. நீங்கள் வேகத்தையும் பூட்டி அழுத்தத்தையும் பூட்டினால், அந்த எதிர்ப்புக்கு இடமே இல்லை. ஓபன்ஃபோம் இதைத் தடுக்காது, ஓடும். முதல் வரிசை செல்லில் இயல்புக்கு மாறான ஓர் அழுத்தத் தாவல் மட்டும் தெரியும்.

இன்னொரு மென்பொருளான ஃப்ளூயன்டின் வெலாசிட்டி இன்லெட் பக்கத்தில் அழுத்தத்துக்கும் ஒரு பெட்டி இருக்கிறதே என்பார்கள். அது மீயொலி (ஒலியைவிட வேகமான) ஓட்டத்துக்கும் தொடக்க மதிப்புக்கும் உரியது. சாதாரணக் குழாய் ஓட்டத்தில் அதற்கு வேலை இல்லை. கையில் இருக்கும் அந்த இரண்டாவது அளவை வீணாக்க வேண்டாம். ரன் முடிந்ததும் சால்வர் சொன்ன இன்லெட் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாடலைச் சோதிக்க அதைவிட மலிவான வழி இல்லை.

4. அவுட்லெட்ல 0 பாஸ்கல்னு போட்டா அங்க வெற்றிடம்னு ஆகாதா?

ஆகாது. அது கேஜ் அழுத்தம், அதாவது ஓர் அடிப்படை அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்ற கணக்கு. ஃப்ளூயன்டில் ஆப்பரேட்டிங் பிரஷர் என்ற தனி எண் இருக்கிறது, இயல்பாக 1,01,325 பாஸ்கல். நீங்கள் போடும் 0 அதற்கு மேல் கூட்டப்படுகிறது. அடர்த்தி மாறாத ஓட்டத்தில் அழுத்த வேறுபாடு மட்டுமே வேலை செய்வதால், உண்மையான குழாயின் முனையில் 3 பார் இருந்தாலும் 0 போடலாம். முடிவில் எல்லா இடத்திலும் 3 பார் கூட்டிக்கொண்டால் போதும். வாயுவின் அடர்த்தி அழுத்தத்தோடு மாறும் கணக்கிலும், குழிவாக்கக் (அழுத்தம் குறைந்து திரவத்தில் ஆவிக்குமிழ்கள் எழும்) கணக்கிலும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே தனி அழுத்தம் (வெற்றிடத்தை 0 என்று வைத்து அளப்பது) சரியாக இருந்தே ஆக வேண்டும்.

ஓபன்ஃபோம்காரர்களுக்கு இன்னொரு பொறி. சிம்பிள்ஃபோம் போன்ற சால்வர்களில் அழுத்தம் என்பது அடர்த்தியால் வகுத்த அழுத்தம், அலகு மீ²/வி². தண்ணீருக்கு 1000 பாஸ்கல் என்றால் அங்கே 1 என்று எழுத வேண்டும். 1000 என்று எழுதினால் பத்து லட்சம் பாஸ்கல் கொடுத்ததாக அர்த்தம்.

5. பிரஷர் இன்லெட்ல டோட்டல் பிரஷர் கேக்குது. என்கிட்ட கேஜ் ரீடிங்தான் இருக்கு. அதையே போடலாமா?

குழாய்ச் சுவரில் துளை போட்டுப் பொருத்திய கேஜ் காட்டுவது ஸ்டாட்டிக் அழுத்தம். டோட்டல் என்பது அதோடு டைனமிக் அழுத்தத்தையும், அதாவது அரை × அடர்த்தி × வேகத்தின் வர்க்கத்தையும், சேர்த்தது. நம் குழாயில் டைனமிக் பங்கு 0.5 × 1000 × 4 = 2000 பாஸ்கல். கேஜ் ரீடிங்கை அப்படியே போட்டால் இந்த 2000 பாஸ்கல் காணாமல் போகும். இதே வழுவழுப்பான குழாயில் ஒரு மீட்டருக்கு உராய்வால் இழக்கும் அழுத்தமே சுமார் 720 பாஸ்கல்தான் என்பதால், இது சின்னத் தவறு அல்ல.

அசையாத வெளியிலிருந்து காற்றை உறிஞ்சும் ஃபேன் வாய் என்றால் எளிது. வெளியில் வேகம் இல்லை; எனவே டோட்டல் கேஜ் அழுத்தம் 0. வாய்க்குள் காற்று வேகமெடுக்கும்போது ஸ்டாட்டிக் அழுத்தம் தானாக 0-க்குக் கீழே இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். அவுட்லெட்டில் கதை நேர்மாறு: குழாய் திறந்தவெளியில் முடிந்தால் அங்கே ஸ்டாட்டிக் அழுத்தம்தான் வளிமண்டலத்துக்குச் சமம், டைனமிக்கைக் கூட்டக் கூடாது.

6. வெலாசிட்டி இன்லெட்டா, மாஸ் ஃப்ளோ இன்லெட்டா?

அடர்த்தி மாறாவிட்டால் இரண்டும் ஒன்று: நம் குழாயில் 2 மீ/வி என்பது விநாடிக்கு 3.93 லிட்டர், அதாவது நிறையில் 3.93 கிலோ. ஆனால் மெஷ் ஒரு சிறு திருட்டு செய்யும். வட்டமான இன்லெட் மெஷ்ஷில் பலகோணமாகிவிடுகிறது. விளிம்பில் 12 பக்கம் மட்டும் இருந்தால் பரப்பு சுமார் 4.5% குறையும், 24 பக்கம் என்றால் 1.1%. வேகத்தைக் கொடுத்தால் ஓட்ட அளவும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். அளந்தது ஓட்ட அளவு என்றால் அதையே கொடுங்கள். ஓபன்ஃபோமில் ஃப்ளோரேட்இன்லெட்வெலாசிட்டி அதற்காகவே இருக்கிறது.

வாயு சூடாகிற கணக்கில் தயங்கவே வேண்டாம். 20 டிகிரி செல்சியஸில் கன மீட்டருக்கு 1.2 கிலோ இருக்கும் காற்று, அதே அழுத்தத்தில் 300 டிகிரியில் 0.62 கிலோதான். வேகத்தை மட்டும் பூட்டினால், வெப்பநிலையை மாற்றும்போதெல்லாம் உள்ளே வரும் நிறையும் மாறிக்கொண்டே இருக்கும்.

7. இன்லெட் முழுக்க ஒரே வேகம் கொடுத்தா தப்பா?

பெரிய தொட்டியிலிருந்து நல்ல வளைவுள்ள வாய் வழியாக ஓட்டம் வந்தால் தப்பில்லை. நீண்ட குழாயின் நடுவில் வெட்டியிருந்தால் தப்பு. முழுதாக வளர்ந்த (வேக வடிவம் இனி மாறாத) லாமினார், அதாவது அடுக்கடுக்காகச் சீராகப் போகும், ஓட்டத்தில் நடுவேகம் சராசரியைப் போல 2 மடங்கு. டர்புலன்ட் (சுழிகள் நிறைந்த) ஓட்டத்தில், ஏழில் ஒரு படி விதிப்படி, சுமார் 1.22 மடங்கு. சமவேகத்தைக் கொடுத்தால் அந்த வடிவம் வளரக் குழாய் நீளம் வேண்டும். டர்புலன்ட் ஓட்டத்துக்கு 4.4 × ரெனால்ட்ஸ் எண்ணின் ஆறில் ஒரு படி × விட்டம் என்று கணக்கிடலாம்: நமக்குச் சுமார் 30 விட்டம், 1.5 மீட்டர். லாமினாரில் 0.06 × ரெனால்ட்ஸ் எண் × விட்டம். ரெனால்ட்ஸ் எண் 2000-இல் அது 120 விட்டம். பலரும் இதை எதிர்பார்ப்பதில்லை. வளரும் பகுதியில் அழுத்த இழப்பும் இயல்பைவிட அதிகம் என்பதால் இழப்பைக் கணக்கிடுகிறவர்களுக்கு இரட்டை அடி.

நீளம் சேர்க்க மெஷ் கட்டுப்படியாகாது என்றால், சில விட்டம் நீளமுள்ள குழாய்த்துண்டின் இரு முனைகளையும் பீரியாடிக்காக (ஒன்றில் வெளியேறுவது மற்றதில் நுழையும்படி) இணைத்து ஓட்டி, வரும் வேக வடிவத்தையும் டர்புலன்ஸ் மதிப்புகளையும் எடுத்து இன்லெட்டில் வையுங்கள். இன்லெட்டுக்கு முன்னால் உண்மையில் ஒரு வளைவு இருந்தால் இந்த அழகான சமச்சீர் வடிவமும் பொய்தான். அப்போது வளைவையும் மாடலுக்குள் கொண்டுவருவதே நேர்மை.

8. டர்புலன்ஸ் இன்டென்சிட்டிக்கு எல்லாரும் 5% போடறாங்க. நானும் போடலாமா?

குழாய்க்குள் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். சுவர் உராய்வு விரைவில் தன் சொந்த டர்புலன்ஸை உண்டாக்கிவிடும். ஆனாலும் கணக்கிட ஒரு நிமிடம் போதும். வளர்ந்த குழாய் ஓட்டத்தின் நடுப்பகுதிக்குத் தீவிரம் (இன்டென்சிட்டி; சராசரி வேகத்தோடு ஒப்பிட்ட ஏற்ற இறக்கம்) = 0.16 × ரெனால்ட்ஸ் எண்ணின் கழித்தல் எட்டில் ஒரு படி. நமக்கு 0.038, அதாவது 3.8%. கே (டர்புலன்ஸின் இயக்க ஆற்றல்) = 1.5 × (வேகம் × தீவிரம்)² = 0.0086 மீ²/வி². நீள அளவு (பெரிய சுழிகளின் அளவு) = 0.07 × விட்டம் = 3.5 மி.மீ. ஒமேகா (அந்த ஆற்றல் கரையும் அதிர்வெண்) = கே-யின் வர்க்கமூலம் ÷ (0.548 × நீள அளவு) = விநாடிக்கு சுமார் 48. எப்சிலான் (அந்த ஆற்றல் கரையும் வீதம்) = 0.09 × கே × ஒமேகா = 0.038 மீ²/வி³.

நீள அளவில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மி.மீ.-இல் நினைத்து மீட்டர் பெட்டியில் 3.5 என்று எழுதினால், ஒமேகா ஆயிரத்தில் ஒரு பங்காகி, டர்புலன்ட் பாகுநிலை ஆயிரம் மடங்காகிவிடும். தண்ணீர் தேன்போல ஓடும். கன்வர்ஜென்ஸோ (கணக்கு ஒரு விடையில் நிலைப்படுவது) பிரமாதமாக இருக்கும். டர்புலன்ட் பாகுநிலைக்கும் இயல்பான பாகுநிலைக்கும் உள்ள விகிதத்தை ஒருமுறை வரைந்து பாருங்கள். நம் இன்லெட்டில் அது 180-ஐ ஒட்டி வரும். லட்சத்தைத் தாண்டினால் அலகில் பிழை.

இறக்கை, கார், கட்டடம் போன்ற வெளிப்புற ஓட்டத்தில் 5% பொருந்தாது. நல்ல காற்றுச் சுரங்கத்தில் தீவிரம் 1 சதவீதத்துக்கும் கீழே. மேலும் இன்லெட்டில் கொடுத்த டர்புலன்ஸ், பொருளை அடைவதற்குள் தேய்ந்துகொண்டே வரும். எனவே பொருளுக்குச் சற்று முன்னால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் இன்லெட் மதிப்பைத் திருத்த வேண்டும்.

9. அவுட்லெட்டை எவ்வளவு தள்ளி வைக்கணும்?

கடைசி வளைவு, வால்வு அல்லது திடீர் விரிவிலிருந்து 5 முதல் 10 விட்டம் என்று தொடங்குங்கள். கட்டடங்களைச் சுற்றிய காற்றோட்டத்தில் வழக்கம் வேறு: இன்லெட், பக்கங்கள், மேல்பகுதி எல்லாம் கட்டட உயரத்தின் 5 மடங்கு தொலைவில், அவுட்லெட் 15 மடங்கு. சுழிகள் பின்னால்தான் நீள்கின்றன.

இந்த எண்களை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவுட்லெட்டை இன்னொரு 50% தள்ளி வைத்து மறுபடி ஓட்டுங்கள். உங்களுக்கு வேண்டிய அளவு, அது அழுத்த இழப்போ இழுவிசையோ, 1 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் முதல் இடம் போதவில்லை.

10. "ரிவர்ஸ்டு ஃப்ளோ" எச்சரிக்கை வந்துகிட்டே இருக்கு. கண்டுக்காம விடலாமா?

முதல் நூறு இட்டரேஷனுக்குள் (மறுகணக்குச் சுற்று) வந்து மறைந்தால் விடலாம். ஓட்டம் இன்னும் அமையவில்லை, அவ்வளவுதான். கடைசிவரை அதே எண்ணிக்கை முகங்களில் நின்றால் அவுட்லெட்டை ஒரு சுழி குறுக்கே வெட்டுகிறது என்று பொருள். வெளியே போன பாய்மம் திரும்ப வருகிறது. அது என்ன வெப்பநிலையில், எவ்வளவு டர்புலன்ஸோடு வருகிறது என்று நீங்கள் பேக்ஃப்ளோ பெட்டியில் எழுதிய எண்ணைச் சால்வர் நம்புகிறது. அந்தப் பெட்டியில் 300 கெல்வின் அப்படியே கிடக்க, உள்ளே 600 கெல்வின் வாயு ஓடினால், அவுட்லெட் வெப்பநிலையை எடுத்துப் பயன்படுத்தவே முடியாது.

முதல் மருந்து கேள்வி 9-இல் சொன்னதுதான்: தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் அவுட்லெட்டுக்கு முன் மெல்லக் குறுகும் ஒரு துண்டைச் சேர்க்கலாம். ஓட்டம் வேகமெடுப்பதால் சுழி அடங்கும். ஆனால் அந்தத் துண்டின் அழுத்த இழப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓபன்ஃபோமில் வேகத்துக்கு இன்லெட்அவுட்லெட் வகையைப் போட்டால் திரும்பி வரும் முகங்களில் வேகம் 0 ஆக்கப்படும். சிஎஃப்எக்ஸ் என்ற மென்பொருள் அவுட்லெட் வகையில் அந்த முகங்களுக்குத் தற்காலிகச் சுவரே எழுப்பி, எத்தனை சதவீதம் என்றும் சொல்லும். இரண்டும் ரன் வெடிக்காமல் காப்பாற்றுவதற்கானவை. கடைசி விடையிலும் சுவர் நின்றால் அவுட்லெட்டின் இடமோ வகையோ தவறு. உண்மையிலேயே இருபக்கமும் ஓட்டம் நடக்கும் ஜன்னல் போன்ற இடமானால் அங்கே ஓபனிங் வகைதான் சரி.

11. அவுட்ஃப்ளோன்னு ஒண்ணு இருக்கே. அழுத்தமே கேக்காது, வசதியா இருக்கே?

ஃப்ளூயன்டில் அது ஓட்டம் முழுதாக வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் மதிப்புகளையே வெளியே நகலெடுக்கும். பிரஷர் இன்லெட்டோடு சேர்த்துப் போட முடியாது. அமுங்கும் (அழுத்தத்தோடு அடர்த்தி மாறும்) ஓட்டத்துக்கும் ஆகாது. திரும்பி வரும் ஓட்டம் இருந்தால் தடுமாறும். 0 பாஸ்கல் பிரஷர் அவுட்லெட் இதே வேலையைக் குறைந்த நிபந்தனைகளோடு செய்யும். அதையே பழகிக்கொள்ளுங்கள்.

12. ரெண்டு அவுட்லெட்டுக்கும் 0 பாஸ்கல் கொடுத்தேன். ஓட்டம் சரிபாதியா பிரியலையே?

ஏன் பிரிய வேண்டும்? ஒவ்வொரு கிளையின் எதிர்ப்பைப் பொறுத்துத்தான் பங்கு. சரிபாதி வந்தாலும் அது உண்மையா என்பது வேறு கேள்வி. நம் 50 மி.மீ. குழாய் இரண்டு 50 மி.மீ. கிளைகளாகப் பிரிகிறது என்று வையுங்கள். மாடலில் இரண்டுமே 1 மீட்டர். நிஜத்தில் ஒன்று 1 மீட்டர், மற்றது 20 மீட்டர். இரண்டிலும் 0 போட்ட நொடியில் அந்த 19 மீட்டர் குழாயை இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். 1 மீ/வி வேகத்தில் அதன் இழப்பு சுமார் 4000 பாஸ்கல்.

அந்த அவுட்லெட்டில் 4000 பாஸ்கல் போடுவது பாதித் தீர்வு. ஓட்டம் மாறினால் இழப்பும் மாறுமே. உராய்வுக் கெழு 0.021 என்று எடுத்தால், 0.021 × 19 ÷ 0.05 = ஏறத்தாழ 8. இதை இழப்புக் கெழுவாக அவுட்லெட் வென்ட் வகையில் கொடுத்தால், ஓட்டத்துக்கேற்ப அழுத்தம் தானே மாறிக்கொள்ளும். ஒவ்வொரு கிளையின் ஓட்டத்தையும் அளந்து வைத்திருந்தால் ஒரு கிளையில் அந்த அளவைப் பூட்டுங்கள். இன்னொன்றில் அழுத்தம் இருக்கட்டும். எல்லா முனையிலும் ஓட்டத்தைப் பூட்டினால் வந்ததும் போனதும் நூலிழை பிசகினாலும் கணக்கு நிற்காது. அழுத்தத்துக்கும் தொடக்கப்புள்ளி இருக்காது.

13. ரெண்டு முனையிலும் அழுத்தம்தான் தெரியும். ஓட்டினா கன்வர்ஜே ஆகமாட்டேங்குது.

நிபந்தனை சரிதான். ஓட்ட அளவு இப்போது விடையாக வருகிறது. அதனால் மெதுவாகத்தான் வரும். தொடக்கத்தில் எல்லா இடத்திலும் வேகம் 0 என்று விடாதீர்கள். அழுத்த வேறுபாட்டிலிருந்து கையால் ஒரு தோராய வேகத்தைக் கணக்கிட்டு அதையே தொடக்க மதிப்பாகக் கொடுங்கள். அல்லது அந்த வேகத்தை வெலாசிட்டி இன்லெட்டாக வைத்து சில நூறு இட்டரேஷன் ஓட்டி, பிறகு பிரஷர் இன்லெட்டுக்கு மாற்றுங்கள். ரெசிடுவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) இறங்கியதும் நிறுத்திவிட வேண்டாம். ஓட்ட அளவு ஒரே எண்ணில் நிற்கிறதா, வந்த நிறைக்கும் போன நிறைக்கும் வித்தியாசம் 0.1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி 5-இன் டோட்டல், ஸ்டாட்டிக் குழப்பம் அதிகம் கடிப்பதும் இங்கேதான்.

14. புவியீர்ப்பை ஆன் பண்ணதும் அவுட்லெட்ல மேல் பாதி உள்ளே இழுக்குது, கீழ் பாதி வெளியே தள்ளுது. ஏன்?

1 மீட்டர் உயரமுள்ள அவுட்லெட்டில், தண்ணீரின் எடையால் அடியில் இருக்கும் அழுத்தம் மேலே இருப்பதைவிட 9810 பாஸ்கல் அதிகம். நீங்கள் முழுக்க ஒரே எண்ணைக் கொடுத்தீர்கள். உள்ளே சரிவு, வெளியே சமம். அதனால்தான் இந்தக் கூத்து. ஓபன்ஃபோமில் தண்ணீரின் எடையால் வரும் பகுதியைக் கழித்த அழுத்தத்தில் நிபந்தனை கொடுங்கள். ஃப்ளூயன்டில் ஆப்பரேட்டிங் டென்சிட்டியைத் தண்ணீரின் அடர்த்திக்கு வையுங்கள். காற்றும் தண்ணீரும் கலந்த கணக்கில் காற்றின் அடர்த்திக்கு வைத்து, தண்ணீர்ப் பகுதியின் அழுத்தத்தை ஆழத்தோடு மாறும் வடிவமாகக் கொடுங்கள். அறைக்காற்றிலும் இது உண்டு: அடர்த்தி கன மீட்டருக்கு 0.1 கிலோ வேறுபட்டால் 3 மீட்டர் உயரத்துக்கு 3 பாஸ்கல்தான், ஆனால் இயற்கைக் காற்றோட்டத்தை ஓட்டுவதே அந்த 3 பாஸ்கல்தான்.

15. மீயொலி ஓட்டத்துல அவுட்லெட் அழுத்தத்தை என்ன போட்டாலும் விடை மாறலையே?

மாறக் கூடாது. கேள்வி 3-இல் சொன்ன, மேல்நோக்கிப் பயணிக்கும் செய்தி ஒலியின் வேகத்தில்தான் போகும். ஓட்டமே அதைவிட வேகமாக வெளியேறினால் அந்தச் செய்தி உள்ளே வர வழியில்லை. முப்பரிமாணத்தில் ஐந்து மதிப்புகள் (அழுத்தம், வெப்பநிலை, வேகத்தின் மூன்று கூறுகள்) என்று எண்ணினால்: குறைவொலி இன்லெட்டில் 4 கொடுக்கிறோம், அவுட்லெட்டில் 1, மீயொலி இன்லெட்டில் 5-ஐயும் கொடுக்கிறோம், அவுட்லெட்டில் ஒன்றுமில்லை. அங்கே வலுக்கட்டாயமாக அழுத்தத்தைத் திணிக்கும் நிபந்தனை போட்டால் இல்லாத அதிர்ச்சி அலை ஒன்று முளைக்கலாம்.

இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு: சோக்கிங், அதாவது ஓட்டம் ஓர் உச்சவரம்பில் அடைத்துக்கொள்வது. காற்றில் ஸ்டாட்டிக்–டோட்டல் விகிதம் 0.528-க்கு இறங்கினால் தொண்டையில் (மிகக் குறுகிய இடத்தில்) ஒலிவேகம் எட்டிவிடும். அறை நிலையிலுள்ள காற்றுக்கு அப்போது சதுர மீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 240 கிலோதான் போகும். மாஸ் ஃப்ளோ இன்லெட்டில் அதைவிட அதிகம் கேட்டால் சால்வர் மறுக்காது. டோட்டல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும்.

16. நேரத்தோடு மாறும் கணக்கில், அவுட்லெட்டிலிருந்து அலைகள் திரும்பி வர்ற மாதிரி தெரியுது. நிஜமா?

அமுங்கும் ஓட்டமானால் அது உங்கள் எல்லையின் எதிரொலி. அழுத்தத்தை அசையாமல் பூட்டிய முகம் ஒலியலைக்குச் சுவர்போலத்தான்: அலை முட்டித் திரும்பும். அலையை வெளியே விட்டுவிடும் எதிரொலிக்காத நிபந்தனைகள் இதற்காகவே இருக்கின்றன. பாயின்சோ, லேலி இருவரும் 1992-இல் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படை. ஓபன்ஃபோமில் வேவ்டிரான்ஸ்மிசிவ். முழுக்கத் திறந்துவிட்டால் சராசரி அழுத்தம் மெல்ல நழுவிப்போகும் என்பதால், இலக்கு அழுத்தத்தை நோக்கி மென்மையாக இழுக்கும் ஒரு நீள அளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அவுட்லெட்டுக்கு முன் மெஷ்ஷைப் படிப்படியாகப் பெரிதாக்கினாலும் அலை ஓரளவு கரையும்.

17. எல்இஎஸ் (பெரிய சுழிகளை நேராகவே கணக்கிடும் முறை) ஓட்டறேன். இன்லெட்ல ரேண்டம் ஏற்ற இறக்கம் சேர்த்தேன். கொஞ்ச தூரத்துலயே எல்லாம் செத்துப்போச்சே?

செல்லுக்குச் செல், நொடிக்கு நொடி தொடர்பில்லாத இரைச்சலுக்கு அந்த கதிதான். உண்மையான சுழிக்கு அளவும் ஆயுளும் உண்டு. பக்கத்துப் புள்ளிகளின் வேகங்கள் ஒன்றையொன்று ஒட்டியே மாறும். அந்த ஒட்டுறவு இல்லாததைப் பாகுநிலையும் அழுத்தத் திருத்தமும் சில செல்களுக்குள் துடைத்துவிடும். சராசரி வேகம், ரெனால்ட்ஸ் தகைவுகள் (வேகத்தின் ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு வலிமையானவை என்ற அளவு), நீள அளவு மூன்றையும் வாங்கிக்கொண்டு செயற்கைச் சுழிகளை உருவாக்கும் முறையைப் போடுங்கள். அப்படியும் இயல்பான டர்புலன்ஸாகத் தேறச் சில விட்டம் தூரம் விட்டுவிடுங்கள்.  இன்னும் சுத்தமாக வேண்டும் என்றால் கேள்வி 7-இன் பீரியாடிக் குழாயையே எல்இஎஸ்-ஆக ஓட்டி, ஒரு குறுக்குவெட்டின் வேகத்தை ஒவ்வொரு நேரப்படியிலும் சேமித்து இன்லெட்டில் ஊட்டுங்கள். கணினியின் வட்டில் (டிஸ்க்) இடம் நிறையத் தின்னும். சேமித்த நேரம் தீர்ந்ததும் முதலிலிருந்து திரும்ப ஓட்டினால் அந்தச் சுற்றின் அதிர்வெண் உங்கள் நிறமாலையில் ஒரு கூர்முனையாக எட்டிப்பார்க்கும். அதைப் பாய்மத்தின் குணம் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.